ஒரு விரற்கடை ஓட்டை – 4: கரூரிலிருந்து போன வலை

முன்கதை: குடல் இறங்கினால் தொடை இடுக்கில் சூடு போடச் சொன்னார் சுசுருதர். ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றிய வெட்டு வைத்தியர்கள் புடைப்போடு சேர்த்து விரையையும் அறுத்து எறிந்தார்கள். அவர்களிடம் சிக்காதவர்கள் தோலும் இரும்பும் சேர்த்துச் செய்த கச்சையை இடுப்பில் பூட்டிக்கொண்டு காலம் தள்ளினார்கள். பிறகு மயக்க மருந்து வந்தது. கிருமியைக் கொல்லும் முறை வந்தது. நோயாளி மேசையிலேயே சாவது குறைந்தது. ஆனால் தைத்த இடம் மட்டும் பிரிந்துகொண்டே இருந்தது. ஏன்?

1844-ஆம் ஆண்டு. சிங்கப்பூருக்கு எதிர்க்கரை முழுக்கக் காடு. தெமெங்கோங் டாயிங் இப்ராகிமின் ஆட்சிக் காலம். தான் கீ சூன் என்ற சீனத் தலைவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தெப்ராவ் ஆற்றில் ஏறி வந்தார். கரையோரத்து மரங்களைச் சாய்த்து, காம்பியரும் மிளகும் பயிரிட்டு, ஒரு குடியிருப்பை எழுப்பினார். கங்கார் தெப்ராவ் அப்படிப் பிறந்தது. சனிக்கிழமை மாலை அதே தெப்ராவ் வட்டாரத்து மவுண்ட் ஆஸ்டினில் கார் நிறுத்த இடம் தேடி அலையும் நமக்கு இந்தக் கதை நினைவில் இருப்பதில்லை.

காம்பியர் ஓய்ந்து ரப்பர் வந்தது. ரப்பரோடு நம் ஆட்கள் வந்தார்கள். விடியுமுன் பெரட்டு, அப்புறம் பால்வெட்டு, அப்புறம் தோளில் காண்டாக் கம்பு, இரண்டு முனையிலும் தளும்பும் வாளி. செம்பனைக் காலம் வந்தபோது வாளியின் இடத்தில் குலை. நன்றாக விளைந்த குலை இருபது கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்து, படுத்தால் உள்ளே போய், இருமினால் வெளியே வரும் அந்தச் சங்கதியை ஆண்கள் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லத் தயங்கினார்கள். கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த நிரைக்குப் போனார்கள். உள்ளே போகாமல் கல்லாகி வலித்த அன்றைக்குத்தான் டிரெசருக்கே விஷயம் தெரியும்.

பாரம் தூக்கினால் குடல் இறங்கும் என்று இன்றும் சொல்கிறோம். அது பாதிதான் சரி. ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விரைகள் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகின்றன. பிறப்பதற்கு முன் அவை வயிற்றுச் சுவரின் அடுக்குகளைக் கடந்து விரைப்பைக்கு இறங்குகின்றன. அந்த வழி முழுதாக மூடுவதில்லை. விந்து நாண் காலமெல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஆக, ஒவ்வோர் ஆணும் வயிற்றுச் சுவரில் இரண்டு பலவீனமான இடங்களோடுதான் பிறக்கிறான். தீராத இருமல், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்க முக்குவது, வயது ஏற ஏறத் தளரும் சதை என்று ஏதாவது ஒன்று அந்த இடத்தைத் திறந்துவிடும். பாரம் அந்த வரிசையில் ஒன்று, அவ்வளவுதான். ஆண்களில் நூற்றுக்கு 27 பேர் வாழ்நாளில் எப்போதாவது இந்தத் தொல்லையைச் சந்திக்கிறார்கள். பெண்களில் 3 பேர். மேசை முன்னால் உட்கார்ந்தே வேலை பார்க்கும் கிராணிக்கும் வரும்.

தெப்ராவில் முதல் மரம் சாய்ந்த அதே 1844-இல், இத்தாலியின் பாவியா நகரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எதோவார்தோ பஸ்ஸீனி. பிற்காலத்தில் அந்த ஓட்டையை அடைக்கப்போகிறவர். ஆனால் அதற்கு முன் அவருடைய தொடை இடுக்கிலேயே ஓர் ஓட்டை விழ வேண்டியிருந்தது.

*

1867 அக்டோபர் 23. ரோம் நகரின் ஓரத்தில் வில்லா குளோரி என்ற மேடு. போப்பாண்டவரின் ஆட்சியிலிருந்து ரோமை மீட்கக் கரிபால்டி முயன்றுகொண்டிருந்த நாட்கள். கைரோலி சகோதரர்கள் எழுபத்துச் சொச்சம் தொண்டர்களோடு அந்த மேட்டில் காத்திருந்தார்கள். நகருக்குள் கலகம் வெடிக்கும், உள்ளே புகுந்துவிடலாம் என்பது திட்டம். கலகம் வெடிக்கவில்லை. போப்பின் படைதான் வந்தது.

முந்தைய ஆண்டுதான் மருத்துவப் பட்டம் வாங்கிய 23 வயது பஸ்ஸீனியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மருத்துவராக அல்ல, படைவீரராக. மாலைச் சண்டையில் எதிரியின் துப்பாக்கிமுனைக் கத்தி அவருடைய வலது தொடை இடுக்கில் இறங்கியது. குடல் கிழிந்தது. கைதியாகத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காயம் ஆறாமல், அந்தத் துளை வழியே மலம் கசியத் தொடங்கியது. காயம் சீழ்பிடிக்கக் கிருமிதான் காரணம் என்பதைப் பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்காத காலம். இப்படிப்பட்ட காயத்தோடு பிழைத்தவர்கள் குறைவு.

பஸ்ஸீனி பிழைத்தார். பாவியாவில் அவருடைய பேராசிரியர் லூயிஜி போர்த்தா மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார். துளை தானாக மூடிக்கொண்டது. எழுந்து நடந்ததும் படிக்கக் கிளம்பினார். வியன்னாவில் பில்ரோத், பெர்லினில் லாங்கன்பெக், பிரிட்டனில் லிஸ்டர் என்று அன்றைய பெரிய கைகள் எல்லாவற்றையும் அருகில் நின்று பார்த்தார். 1882-இல் பாதுவாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பிறகு அவர் கையில் எடுத்த வேலை, தொடை இடுக்கு. தொடர்கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு தற்செயலைக் கற்பனையில் எழுதக் கை கூசும்.

அவருக்கு முந்தையவர்கள் என்ன செய்தார்கள்? இறங்கி வந்த பையைக் கட்டி அறுத்தார்கள். வெளியே தெரிந்த துளையைத் தைத்தார்கள். பின்சுவரைத் தொடவே இல்லை. குடல் வந்தது பின்னாலிருந்து, அடைத்தது முன்னால். பஸ்ஸீனி அந்தப் பாதையை முன்னிருந்து பின்வரை முழுதாகத் திறந்தார். கடைசியில் இருக்கும் மெல்லிய ஆழப்படலத்தையும் வெட்டித் திறந்தார். பிறகு அந்தப் படலம், அதன் மேல் உள்ள இரண்டு தசை அடுக்குகள் ஆகிய மூன்றையும் ஒரே ஊசியில் சேர்த்துப் பிடித்து, இடுப்பெலும்பிலிருந்து அந்தரங்க எலும்புவரை ஓடும் நார்ப்பட்டையோடு பட்டு நூலால் தைத்தார். விந்து நாணை அந்தப் புதுச்சுவரின் மேல் கிடத்தி, முன்பக்கத்தை மூடினார். அடைப்பதை விட்டுவிட்டு, பாதையையே மறுபடி கட்டினார்.

1884-இல் தொடங்கியதை 1887-இல் ஜெனோவாவில் அறுவை மருத்துவர்கள் மாநாட்டில் சொன்னார். 1889-இல் 262 அறுவைகளின் கணக்கோடு புத்தகம் வந்தது. திரும்பி வந்தவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அதற்கு முன் நல்ல கைகளிலேயே பெரும்பாதி ஓரிரு ஆண்டுகளில் பிரிந்துகொண்டிருந்தது. அந்த எண்ணைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, தைத்து அனுப்பியவர்களை அவர் ஆண்டுக்கணக்கில் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார் என்பது. தன் தையல் பிரிந்ததா என்று தானே போய்ப் பார்க்கும் பழக்கம் அந்நாளில் அபூர்வம்.

பஸ்ஸீனியின் பெயர் கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்தது. அவருடைய அறுவை முழுசாகக் கடக்கவில்லை. நடுவில் ஒரு படி காணாமல் போனது.

*

அமெரிக்க மருத்துவர்கள் பாடநூல் படங்களைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். ஆழப்படலத்தை வெட்டித் திறக்கும் படி பலருக்கு வேண்டாத வேலையாகத் தோன்றியது. அடியில் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது, ஏன் வம்பு என்று விட்டார்கள். மேலே உள்ள தசையை மட்டும் கீழே இழுத்து நார்ப்பட்டையில் தைத்தார்கள். பெயர் மட்டும் பஸ்ஸீனி அறுவை. குடல் மறுபடி இறங்கியபோது பழி விழுந்தது பாதுவாக்காரர்மேல்.

பஸ்ஸீனியின் உதவியாளராக இருந்த அத்திலியோ கத்தரீனாவுக்கு இது பொறுக்கவில்லை. 1930-களில், ஆசான் இறந்து பல ஆண்டு கழித்து, அசல் அறுவையை வண்ணப் படங்களோடு ஒவ்வொரு படியாகப் புத்தகம் போட்டார். அதற்குள் ஒரு தலைமுறையே குறைப் பாடத்தைப் படித்து முடித்துவிட்டது.

டொரான்டோவில் எர்ல் ஷோல்டைஸ் என்ற மருத்துவர் அதே முடிவுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஆள் எடுக்கும்போது, குடலிறக்கம் உள்ள இளைஞர்களைப் படை திருப்பி அனுப்பியது. ஷோல்டைஸ் அவர்களைச் சரிசெய்து அனுப்பத் தொடங்கினார். பின்சுவரை முழுதாகத் திறந்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் நான்கு வரிசை, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தைத்தார். மயக்கம் கொடுக்காமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து அறுவை. முடிந்ததும் நோயாளி மேசையிலிருந்து தானே இறங்கி நடக்க வேண்டும். வாரக்கணக்கில் படுக்கவைத்த காலத்தில் இது துணிச்சல். 1945-இல் மருத்துவமனை திறந்தார். குடலிறக்கத்தைத் தவிர வேறெதையும் தொடாத அந்த மருத்துவமனை இன்றும் நடக்கிறது. குண்டானவர்கள் முதலில் எடையைக் குறைத்துவிட்டு வர வேண்டும். அங்கே தைத்தால் திரும்புவது நூற்றுக்கு ஒன்று.

மற்றவர்கள் தைத்தால்? அதுதான் சிக்கல். காலையிலிருந்து மாலைவரை இதையே செய்யும் கைக்கும், மாதத்துக்கு இரண்டு செய்யும் கைக்கும் ஒரே முடிவு வரவில்லை. ஷோல்டைஸ் முறை அவருடைய மருத்துவமனைக்கு வெளியே போனதும் எண்கள் ஏறின. ஒரு நுட்பம் அதைக் கண்டுபிடித்தவரின் கையில் எப்படி இருக்கிறது என்பது ஒரு கணக்கு. மாவட்ட மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவரின் கையில் எப்படி இருக்கும் என்பது வேறு கணக்கு. குடலிறக்க அறுவைகளை ஒப்பிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது யார் கை என்பதைத்தான்.

அதற்கும் அடியில் இன்னொரு பிரச்சினை இருந்தது. பஸ்ஸீனியோ ஷோல்டைஸோ, இரண்டிலுமே விலகியிருக்கும் இரண்டு ஓரங்களை இழுத்துச் சேர்க்கிறார்கள். நைந்த வேட்டியில் கிழிசலின் இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். தையல் நிற்கும், அதன் பக்கத்தில் துணி கிழியும். பாட்டி அங்கே இழுத்துத் தைக்க மாட்டாள், ஒட்டுப்போடுவாள்.

ஒட்டுப்போட மருத்துவர்களுக்குத் தெரியாமல் இல்லை. துணிதான் கிடைக்கவில்லை. பில்ரோத்தே, தசைநார் போல் உறுதியான ஒன்றைச் செயற்கையாகச் செய்ய முடிந்தால் இந்த நோய் தீர்ந்தது என்று நினைத்தவர். 1900 வாக்கில் ஜெர்மனியில் வெள்ளிக் கம்பி வலையை வைத்துப் பார்த்தார்கள். அது விறைத்து உடைந்தது. 1940-களில் டான்டலம் உலோக வலை வந்தது. அதுவும் துண்டு துண்டானது. வயிற்றுச் சுவர் நாள் முழுக்க மடங்கி விரியும் இடம். உலோகத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

விடை பெட்ரோலியக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது.

*

1951-இல் ஃபிலிப்ஸ் பெட்ரோலியத்தில் இரண்டு வேதியியலாளர்கள் ஒரு புதுவகைப் பிளாஸ்டிக்கைக் கண்டார்கள். பாலிபுரோப்பிலீன். அதே குடும்பத்துப் பாலிஎத்திலீனும் ‘மார்லெக்ஸ்’ என்ற வணிகப் பெயரில் சந்தைக்கு வந்தது. ஹூஸ்டனில் ஃபிரான்சிஸ் அஷர் என்ற மருத்துவர் அதை நூலாக்கி, வலையாகப் பின்னி, 1958-இல் மனித உடலுக்குள் வைத்தார். பிறகு பாலிபுரோப்பிலீனுக்கு மாறினார். கொதிக்கவைத்தாலும் கெடவில்லை, மடங்கினாலும் உடையவில்லை. வலையின் கண்களுக்குள் உடம்பின் புதுத் தசைநார் வளர்ந்து அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

ஆனாலும் முப்பது ஆண்டுகள் பெரும்பாலோர் அதைப் பெரிய குடலிறக்கத்துக்கும், திரும்பி வந்ததற்கும் மட்டுமே வைத்துக்கொண்டார்கள். முதல் தடவையே வலை வைப்பது அவர்களுக்கு அதிகப்படியாகத் தோன்றியது. லாஸ் ஏஞ்சலிஸில் இர்விங் லிக்டென்ஸ்டைன் அதை மறுத்தார். இழுத்துத் தைப்பதே தப்பு, எல்லோருக்கும் முதலிலேயே ஒட்டுதான் என்றார். தசையை இழுக்காமல், அது இருக்கும் இடத்திலேயே விட்டு, பின்சுவரின் மேல் வலையை விரித்து ஓரங்களைத் தைத்தார். விந்து நாணுக்கு ஒரு பிளவு. மரத்துப்போகும் ஊசி போதும். அன்றே வீட்டுக்குப் போகலாம். 1989-இல் அவரும் சகாக்களும் 1,000 பேரின் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை பார்த்ததில் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றது அந்தக் கட்டுரை.

அவ்வளவு சுத்தமான எண்ணை நம்பாமல் சிரித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் இந்த அறுவைக்கு ஒரு குணம் இருந்தது: சாதாரணக் கையிலும் நின்றது. ஷோல்டைஸ் கற்க ஆண்டுகள் ஆகும்; இதை இளம் மருத்துவர் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். பத்தாண்டுக்குள் உலகம் முழுக்கப் பரவியது.

வலை குற்றமற்றதல்ல. ஒருமுறை வைத்தால் ஆயுளுக்கும் உள்ளேதான். அங்கே ஓடும் மெல்லிய நரம்புகள் அதில் சிக்கினால் வலி மாதக்கணக்கில் விடாது. குடலிறக்க அறுவை செய்துகொண்டவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் நீண்டகால வலி நிற்கிறது என்பது இன்றைய கணக்கு. எங்களுக்குத் திரும்பி வரும் கவலை போய், வலிக் கவலை வந்துவிட்டது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழும். தொல்லை இல்லாத சின்னப் புடைப்பை உடனே வெட்டத்தான் வேண்டுமா? 2006-இல் அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். வெட்டாமல் கண்காணித்தவர்களில் குடல் திடீரென்று சிக்கிக்கொண்டது ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவாகவே. ஆகவே காத்திருப்பது ஆபத்தல்ல. ஆனால் பத்தாண்டுக்குள் மூன்றில் இரண்டு பேர், பெரும்பாலும் வலியால், தாங்களாகவே அறுவைக்கு வந்துவிட்டார்கள். இது ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குத் தொடை இடுக்கில் புடைப்பு வந்தால் தள்ளிப்போடக் கூடாது, சிக்கும் வாய்ப்பு அதிகம். யாராக இருந்தாலும் புடைப்பு கல்லாகி, உள்ளே போகாமல், வாந்தியும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்கே போய்விட வேண்டும்.

கதைக்கு வருவோம். லிக்டென்ஸ்டைனின் அறுவை எளிது. வலையோ எளிதல்ல. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் துண்டுக்கு நூறு டாலருக்கு மேல் விலை. உலகில் அதிகமாகப் பாரம் சுமக்கும் மனிதர்களுக்கு அது பல மாதக் கூலி.

மகாராஷ்டிராவில் ஒரு சிற்றூர் மருத்துவரின் கண் கொசுவலைமேல் விழுந்தது.

*

துலே மாவட்டத்தின் தோண்டாய்ச்சா. அங்கே ஆர். ஆர். டோங்காவ்ங்கர் மருத்துவமனை நடத்தினார். வருகிறவர்கள் விவசாயிகள், கூலிக்காரர்கள். கடையில் விற்கும் கொசுவலைத் துணியும், கம்பெனிகள் விற்கும் வலையும் ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக் என்பதை அவர் கவனித்தார். துணியைத் துவைத்து, வெட்டி, நீராவியில் கிருமி நீக்கி வைத்துப் பார்த்தார். ஒரு துண்டுக்கான செலவு சில ரூபாய். இந்தியாவின் கிராமப்புற அறுவை மருத்துவர்கள் பலர் சேர்ந்துகொண்டார்கள். 359 குடலிறக்கங்களின் முடிவை 2003-இல் இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கம்பெனி வலையைவிட மோசமில்லை என்பது அதன் சாரம்.

நகரத்து மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள். ஏழை என்றால் கொசுவலையா என்ற கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானதுதான். மறுபக்கத்தில் நிற்பதும் அதே ஏழைதான்: வலையே இல்லாமல், இழுத்துத் தைத்து, ஆறு மாதத்தில் மறுபடி புடைப்போடு வயலுக்குப் போகிறவன்.

பிரிட்டனின் பிளிமத்தில் ஆண்ட்ரூ கிங்ஸ்நார்த் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். 2005 முதல் கானாவுக்குக் குழுவாகப் போய் இலவசமாகக் குடலிறக்க அறுவை செய்துவந்தவர் அவர். கொசுவலையைச் சும்மா நம்ப அவரும் சகாக்களும் தயாராக இல்லை. ஆய்வுக்கூடத்தில் நூலின் தடிமன், கண்ணின் அளவு, எடை, இழுவைத் தாங்கும் திறன், கிருமி ஒட்டும் அளவு எல்லாவற்றையும் அளந்தார்கள். சந்தையில் விலை உயர்ந்த எடை குறைந்த வலைகளோடு அது ஒப்பிடத்தக்கதாக இருந்தது. ஒரே எச்சரிக்கை சூடு. 121 டிகிரி நீராவியில் தாங்கும். மருத்துவமனைகள் வழக்கமாக வைக்கும் 134-க்குப் போனால் பாழாகிவிடும்.

அவர்கள் மேசையில் விரித்து அளந்த அந்தக் கொசுவலை தயாரானது தமிழ்நாட்டில், கரூரில். போர்வை, திரைச்சீலை, பேருந்துக் கூண்டு என்று எதையாவது உலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் அதே கரூர். அமராவதிக் கரையில் பிளாஸ்டிக் நூலைத் தறியில் ஏற்றியவர்களில் எத்தனை பேர் அது மனித வயிற்றுக்குள் போகும் என்று நினைத்திருப்பார்கள்?

(வீட்டுக் கொசுவலையை வெட்டிக்கொண்டு மருத்துவரிடம் யாரும் ஓட வேண்டாம். பூச்சிமருந்து தோய்த்த வலை உடம்புக்குள் போகவே கூடாது. ஆய்வில் இருந்தது மருந்து தோய்க்காத, முறையாகக் கிருமி நீக்கிய வலை.)

ஆய்வுக்கூடம் போதாது, மனிதர்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும். கிழக்கு உகாண்டாவின் கமுலியில் ஒரு மிஷன் மருத்துவமனை. ஜென்னி லோஃப்கிரென் என்ற சுவீடன் மருத்துவரும் உகாண்டா மருத்துவர்களும் சேர்ந்து 302 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் கொசுவலை, பாதிப் பேருக்கு 125 டாலர் கம்பெனி வலை. அறுவை ஒன்றே, லிக்டென்ஸ்டைன் முறை. எவருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிற்பாடு வந்து பரிசோதித்தவருக்கும் தெரியாது. ஓராண்டு காத்திருந்தார்கள். கொசுவலை தோற்றால் பத்தாண்டுக் கிராமப்புற முயற்சி முழுக்க ஏளனத்துக்குள்ளாகும்.

2016 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ முடிவை வெளியிட்டது. கம்பெனி வலையில் திரும்பியது ஒன்றுமில்லை. கொசுவலையில் திரும்பியது ஒரே ஒருவருக்கு. சின்னச் சின்னத் தொல்லைகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது. விலையில் மட்டும்தான் பெரிய வித்தியாசம்: 125 டாலருக்கு எதிரே ஒரு டாலருக்கும் குறைவு.

வலை ஜெயித்துவிட்டது என்று இங்கே முடித்திருக்கலாம். ஆனால் புனேயில் ஒருவர், வலையே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

*

மோகன் தேசார்தாவின் யோசனை இதுதான். வயிற்றின் வெளித்தசை முடியும் இடத்தில் பட்டையான நார்த்தகடு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு நாடாவைக் கீறி, இரண்டு முனையும் உடம்போடு ஒட்டியிருக்கும்படியே விட்டு, விந்து நாணுக்குப் பின்னால் நகர்த்தி, பின்சுவராகத் தைத்துவிட வேண்டும். ஒட்டுத்துணி நோயாளியின் உடம்பிலிருந்தே வருகிறது. உயிருள்ள துணி, மேலே தசை சுருங்கும்போது அதுவும் விறைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் இல்லை, செலவு இல்லை. 2001-இல் அவர் கட்டுரைகள் வெளிவந்தபோது ஐரோப்பாவில் அதிகம் பேர் திரும்பிப் பார்க்கவில்லை.

போலந்தில் சிலர் பார்த்தார்கள். 208 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேசார்தா, ஒரு பாதிக்கு லிக்டென்ஸ்டைன். மூன்றாண்டு கழித்து 2012-இல் வந்த முடிவில் இரண்டு பக்கமும் திரும்பியவை இரண்டிரண்டு. மூன்றாண்டு குறைவான காலம், ஆள் எண்ணிக்கையும் சிறிது என்பதால் உலக வழிகாட்டிகள் இன்னும் வலைப் பக்கமே சாய்ந்திருக்கின்றன. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும், நார்த்தகடு நல்ல நிலையில் இருக்கும் இளைஞனுக்கு, வலை கிடைக்காத ஊரில், இழுத்துத் தைப்பதைவிட இது பல மடங்கு மேல் என்றே நினைக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் முன்பக்கத்திலிருந்து கத்தி வைத்த கதை. இடுக்கில் நான்கு விரல் நீளத்துக்குக் கீறல், அடுக்கு அடுக்காக உள்ளே போவது. பின்னாலிருந்து, வயிற்றுக்குள்ளிருந்தே போனால் என்ன? தண்ணீர்த் தொட்டியில் உள்ளிருந்து அடைத்தால் தண்ணீரின் அழுத்தமே அடைப்பை இறுக்கும். பிரான்சில் ஸ்டோப்பா பெரிய கீறல் போட்டு அப்படிச் செய்துகாட்டியிருந்தார். 1990-களின் தொடக்கத்தில் அதையே மூன்று சிறு துளைகளில், கேமரா வைத்து லேப்ராஸ்கோப்பியில் செய்யத் தொடங்கினார்கள். ஒரு சாரார் வயிற்றறைக்குள்ளேயே நுழைந்து, உள்ளுறையைப் பிரித்து, அதன் பின்னால் வலையை விரித்தார்கள். இன்னொரு சாரார் வயிற்றறைக்குள் போகாமலே தசைக்கும் உள்ளுறைக்கும் நடுவில் வழி பண்ணிக்கொண்டார்கள். இரண்டிலும் வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். இரண்டு பக்கமும் புடைப்பு இருந்தால் அதே துளைகளில் இரண்டையும் முடித்துவிடலாம். பதிலுக்கு முழு மயக்கம் வேண்டும், கருவிக்கு விலை கொடுக்க வேண்டும், வலதும் இடதும் மாறித் தெரியும் ஓர் உள்ளுலகத்தை மருத்துவர் புதிதாகப் பழக வேண்டும்.

இந்தியாவில் அதைப் பழகியவர்களில் முன்வரிசையில் ஒருவர், நாமக்கல் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். இளவயதில் இதே மலேசிய மண்ணில், செம்பனைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். ஊர் திரும்பி, விட்ட படிப்பைத் தொடர்ந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கோவையில் ஜெம் மருத்துவமனையை எழுப்பிய சி. பழனிவேலு. குலை சுமந்த ஆட்களின் இடுப்பைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

2004-ஆம் ஆண்டு. மவுண்ட் ஆஸ்டின் பக்கத்தில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை இயங்கத் தொடங்கிய அதே ஆண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 14 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஒப்பீட்டின் முடிவு வெளியானது. 2,000 ஆண்களுக்கு மேல். பாதிக்கு லேப்ராஸ்கோப்பி, பாதிக்குக் கீறல் போட்டு வலை. இரண்டாண்டில் கீறல் பக்கம் திரும்பியது நூற்றுக்கு 4.9. லேப்ராஸ்கோப்பி பக்கம் 10.1. இரண்டு மடங்கு! துளை வழி அறுவை தேவையில்லாத ஆடம்பரம் என்று சொல்லக் காத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பக்கத்தை நகலெடுத்து மேசை மேசையாகக் கொடுத்தார்கள்.

அவர்களில் பலர் அறிக்கையை முழுதாகப் படிக்கவில்லை. உள்ளே 250 என்று ஓர் எண் இருந்தது. அது நோயாளியின் வயதோ எடையோ அல்ல, ஓட்டையின் அளவும் அல்ல. அந்த எண்ணுக்கு மேலே இருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது 10.1 என்ற பூதம் பாதியாகச் சுருங்கியது.

250 என்னது? அடுத்த வாரம்.

(தொடரும்)